பன்னிரண்டாவது கடிதம்

பதினோரு கடிதம் எழுதினேன் கவுன்சிலுக்கு.
எல்லாவற்றிலும் ஒரே வாக்கியம்:
"இந்தத் தெருவின் முகத்தைக் கெடுக்கிறது."
ஆறாவதில் மட்டும் அடிக்கோடு.

ஆல்ட்மோர், ஷ்ராப்ஷயர்.
பாதுகாக்கப்பட்ட பகுதி என்று
தெருமுனையில் பலகை உண்டு.
கதவுக்கு என்ன நிறம் என்பதைக்கூட
கூட்டம் போட்டுத்தான் முடிவெடுப்போம்.
என் வீடு கறுப்பும் வெள்ளையும்,
கறுத்த மரச்சட்டம், இடையில் சுண்ணாம்பு.
இரண்டு முறை நாட்காட்டியில் வந்திருக்கிறது.
இரண்டும் மே மாதம்.

எதிரே, கோழிக்கொட்டகை இருந்த மனையில்
மேடக்ஸ் தம்பதி வீடு கட்ட வந்தார்கள்.
ஓக் மரம், வெட்டி ஈரம் காயாத பச்சை மரம்.
இரும்பாணி ஒன்றுகூட இல்லை.
அதுவரைக்கும் சரி.
ஆனால் தெற்கே
தரையிலிருந்து முகடு வரை கண்ணாடி,
கூரைக்குத் துத்தநாகத் தகடு.
"இவ்வளவு கண்ணாடியா?" என்றேன்.
"உங்களுக்கு வெளிச்சம் பிடிக்காதா?" என்றாள் கொரின்னா,
கொஞ்சமும் கோபமில்லாமல்.
அதுதான் எரிச்சல்.

கவுன்சில் அதிகாரி பெத்ரா ஹேல்ஷம் வந்தாள்.
மழைக்கோட்டெல்லாம் சேறு.
எதிர் மனையைப் பார்க்க வந்தவள்
என் வாசல் தூணை நகத்தால் சுரண்டினாள்.
"இந்தக் கறுப்பு, ரயில் வந்தபிறகு பூசிய தார்.
அதற்கு முன்னால் இருநூறு வருடம்
வெறும் சாம்பல் நிறத்தில் நின்ற மரம் இது."
என் வீட்டைப் பற்றி எனக்குத் தெரியாததை
என் வாசலிலேயே சொல்லிவிட்டுப் போனாள்.
ஏழாவது கடிதம் அன்றிரவு எழுதியது.
கொஞ்சம் நீளம்.

அனுமதி கிடைத்துவிட்டது அவர்களுக்கு.
முகட்டை ஓரடி தாழ்த்தச் சொன்னார்கள்.
அந்த ஓரடி ஆகாயம்
நான் வாங்கிக் கொடுத்தது.

சட்டகம் ஏற்றிய நாளில்
சந்துக்குள் கிரேன் நுழையவில்லை.
நுழையாதென்று நான்காவது கடிதத்திலேயே
அளவோடு சொல்லியிருந்தேன்.
கயிறும் கவைக்கோலுமாய்
பதினாறு பேர் கையாலேயே தூக்கினார்கள்.
தபால்காரர், மதுக்கடை ஓஸ்வின், பாதிரியாரின் மகள்,
மாடி ஜன்னலிலிருந்து எண்ணிக்கொண்டே வந்தால்
நான்காவது கயிற்றில்
என் தொப்பியைப் போட்டுக்கொண்டு
என் மனைவி தெர்ஸா.

துளைக்குள் கழுந்து இறங்கும்.
இரண்டையும் தைத்து ஒரு மரமுளை.
கொட்டாப்புளி விழும் ஒவ்வோர் அடிக்கும்
என் தேநீர்க் கோப்பை தட்டில் துள்ளியது.
மாலை ஆறு மணிக்கு
வெறும் மரக்கோடுகளாய் ஒரு வீடு,
அதற்குள் இன்னும் காகம் பறந்துகொண்டிருந்தது.
நான் போகவில்லை.
தோள்பட்டை வலி என்று
யாரும் கேட்காமலே சொல்லிக்கொண்டேன்.

டிசம்பரில் ஒரு ராத்திரி
படீர்.
துப்பாக்கி என்றுதான் எழுந்தேன்.
மறுபடியும்.
பச்சை மரம் காயும்போது வெடிக்கும்,
எனக்குத் தெரியும்.
அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை போல.
எதிரே விளக்கு எரிந்தது.
அந்த முழுக் கண்ணாடியில் இட்ரிஸ் மேடக்ஸ்,
குழந்தையைத் தோளில் போட்டபடி
உத்தரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு.

என் கட்டிலுக்கு மேலேயும் ஓர் உத்தரம்,
அதில் உள்ளங்கை நுழையும் பிளவு.
நாற்பது வருடமாய்
அதன் கீழே மல்லாந்து படுக்கிறேன்.
அது பிளந்தபோது ஒரு சத்தம் இருந்திருக்கும்,
யாரோ எழுந்து உட்கார்ந்திருப்பார்கள்
என்று அன்றுதான் தோன்றியது.

ஜனவரி மழை
புது ஓக்கின் துவரைக் கழுவி
சந்துக் கற்களில் தேயிலைச் சாயமாய் இழுத்து
என் வாசற்படி வரை கொண்டுவந்து சேர்த்தது.
தெர்ஸா வாளியும் பிரஷ்ஷும் எடுத்தாள்.
"என்ன, கடிதம் எழுதலையா?"

எழுதினேன். கவுன்சிலுக்கு இல்லை.

அன்புள்ள மேடக்ஸ்,
மரம் வெடிப்பதற்குப் பயப்பட வேண்டாம்.
பிளவில் எதையும் திணித்து அடைக்காதீர்கள்,
அது அசைய இடம் வேண்டும்.
யார் சொன்னாலும் தார் பூசாதீர்கள்.

பி.கு. உங்கள் தகட்டுக் கூரையில்
மழைச் சத்தம் அதிகம்.